நாட்பட்ட நோயும் ஆரம்ப சுகாதார நிலையமும்

1990ஆம் ஆண்டில் நம் நாட்டில் நேர்ந்த மரணங்களில் சுமார் 38 சதவீதம், இருதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய் முதலிய தொற்றா நோய்களால் விளைந்தவை. 2016இல் இது சுமார் 62 சதவீதமாக உயர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து மாநிலவாரியாகத் தயாரித்த நோய்ச்சுமை மதிப்பீடு தரும் கணக்கு இது. அம்மை, காலரா, மலேரியா ஆகியவற்றை எதிர்நோக்கி அமைக்கப்பட்ட ஒரு சுகாதார அமைப்பு, இன்று முற்றிலும் வேறு வகையான நோயாளியைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. அந்த நோயாளிக்கு ஏற்ப அமைப்பு எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

போர் குழு தன் அறிக்கையை 1946இல் அளித்தது. 1952இல் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையங்களும் உருவாகத் தொடங்கின. தடுப்பூசி, தாய்சேய் நலம், தொற்றுநோய்க் கட்டுப்பாடு, பின்னர் குடும்ப நலம் ஆகியவையே அவற்றின் பணிகளாக இருந்தன. இப்பணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. குழந்தைக்கு ஊசி போட்டதும் ஒரு பணி முடிகிறது. காய்ச்சல்காரர் குணமாகி வீடு திரும்புகிறார்; பேறு நிகழ்ந்து தாயும் சேயும் வீடு செல்கின்றனர். நிலையத்தின் பதிவேடுகள், மருந்துக் கொள்முதல், பணியாளர் மதிப்பீடு யாவும் இந்த 'முடியும் பணி' என்ற கருத்தின்மேல் எழுந்தவை.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் அத்தகையவை அல்ல. இவற்றிற்கு ஆளானவர் பெரும்பாலும் ஆயுட்காலம் முழுவதும் மாதந்தோறும் நிலையத்திற்கு வர வேண்டியவர். அவருக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. தாம் நோயாளி என்ற உணர்வே பல சமயங்களில் இல்லை. உடல்நலம் குன்றாதபோதே மருந்துண்ண வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எளிதன்று.

பிரச்னையின் அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு தழுவி நடைபெற்று 2023இல் வெளியான நீரிழிவு ஆய்வின்படி, வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 10 கோடிப் பேர், நீரிழிவு உடையவர்கள். மேலும் 15.3 சதவீதத்தினர் அதன் வாயிலில் நிற்பவர்கள். அதே ஆய்வு உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் 35.5 சதவீதம் எனக் கூறுகிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வோ (2019-21) ஆண்களில் 24, பெண்களில் 21 சதவீதம் என்கிறது. இரண்டும் முரண்பட்டவை எனக் கருத வேண்டியதில்லை. குடும்ப நல ஆய்வு 15 வயதிலிருந்தே கணக்கிடுவதால் இளைஞர்கள் மிகுதியாகச் சேர்ந்து விகிதம் குறைகிறது என்பது ஒரு முக்கிய காரணம். திட்டமிடுவோர் குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் நால்வருக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டியே வருகிறது.

மருத்துவ உலகில் நெடுங்காலமாக வழங்கும் 'பாதி விதி' ஒன்றுண்டு. உயர் இரத்த அழுத்தம் உடையோரில் பாதிப் பேருக்கே அது கண்டறியப்படுகிறது. அவர்களில் பாதிப் பேரே சிகிச்சை பெறுகின்றனர். அவர்களிலும் பாதிப் பேருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நூறு பேரில் ஐம்பது, ஐம்பதில் இருபத்தைந்து, முடிவில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேர். இது துல்லியமான விதியன்று. இடத்திற்கு இடம் மாறுபடும். ஆயினும் திட்ட அலுவலருக்கு இது ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. நீர்ப்பாசனக் கால்வாயில் மூன்று இடங்களில் கசிவு இருக்கும்போது முதல் கசிவை மட்டும் அடைத்தால் கடைமடைக்கு நீர் போய்ச் சேராது. நாமோ பெரும்பாலும் முதல் கசிவையே, அதாவது கண்டறிதலையே, கவனித்து வந்திருக்கிறோம்.

ஏழைக் குடும்பத்தின் கணக்கு

உயர் இரத்த அழுத்தத்திற்குப் பெரும்பாலான மாநிலங்களில் முதலாவதாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையை அரசு மொத்தக் கொள்முதலில் ஒரு ரூபாய்க்கும் குறைவான விலைக்குப் பெறுகிறது. இம்மாத்திரை கிடைக்காமலோ உண்ணப்படாமலோ போவதன் விளைவுகளில் ஒன்று பக்கவாதம். கூலிவேலை செய்யும் ஐம்பது வயதுக் குடும்பத் தலைவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டால் அவருடைய வருமானம் நின்றுவிடுகிறது. அவரைப் பராமரிக்கும் மனைவியின் வருமானமும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மூத்த பெண் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். நமது வருமானப் புள்ளிவிவரங்களில் இந்த மூன்றாவது இழப்பு எங்கும் இடம்பெறுவதில்லை.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பளிக்கிறது. இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்பாதுகாப்பு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது கிடைப்பது. மாதந்தோறும் வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரைக்கு அன்று. பக்கவாதம் வந்தபின் செலவை ஏற்கும் ஏற்பாடு உள்ள நாட்டில், அதைத் தடுக்கும் மாத்திரை தவறாமல் கிடைப்பதற்கான பொறுப்பு ஆரம்ப சுகாதார நிலையத்தையே சார்ந்து நிற்கிறது. அங்கு மருந்து இல்லையெனில் ஏழை நோயாளி கடையில் வாங்க வேண்டும். வாங்க இயலாத மாதத்தில் நிறுத்திவிடுவார். தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பின்னரும் எஞ்சியுள்ள பகுதி சிறிதன்று.

சென்னை கற்பித்த பாடம்

நெடுநாள் மருந்துண்ண வேண்டிய நோயை வீட்டிலிருந்தவாறே சமாளிப்பது நமக்குப் புதிதன்று. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. அந்நாளில் காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் ஊட்டமுள்ள உணவும் அளித்தே குணப்படுத்த இயலும் எனப் பலர் நம்பினர். சென்னை ஆய்வு ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை நெரிசலான அவர்களுடைய வீடுகளிலேயும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தை அளித்தது. 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றியது. உணவும் உறைவிடமும் குறைவாயிருந்தும், வீட்டில் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர்.

இந்த முடிவை மேற்கோள் காட்டுவோர், அதை இயலச் செய்த உழைப்பை மறந்துவிடுகின்றனர். அம்மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என அறிந்தனர். வராதவரைத் தேடிச் சென்றனர். வீட்டுச் சிகிச்சை வென்றதற்கு மருந்தோடு இந்த இடைவிடாத தொடர்பும் காரணம்.

பெங்களூரிலுள்ள தேசிய காசநோய் நிலையத்தின் சார்பில் பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வும் இங்கு நினைவுகூரத்தக்கது. கிராம மக்கள் அறியாமையால் சிகிச்சைக்கு வருவதில்லை என்பது அன்றைய பொதுக் கருத்து. ஆய்வில் தெரிந்ததோ வேறு. நோய்க்குறி உடையவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே ஏதேனும் ஒரு சுகாதார நிலையத்தை நாடியிருந்தனர். அவர்களில் பலர் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். மக்கள் நிலையத்திடம் வந்தார்கள்; நிலையம்தான் அவர்களை அடையாளம் காணத் தவறியது. இன்றும் முழங்கால் வலிக்காக வரும் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியின் இரத்த அழுத்தத்தை அளக்காமல் அனுப்பும்போது அதே தவறு நிகழ்கிறது.

துணை நிலையத்தில் நடைபெற வேண்டியவை

தேசிய தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் 2010இல் 100 மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. பின்னர் 30 வயதும் அதற்கு மேலும் உடைய யாவரையும் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றிற்காகப் பரிசோதிக்கும் ஏற்பாடு வந்தது. 2018 ஏப்ரலில் சத்தீஸ்கரின் பீஜாப்பூர் மாவட்டத்து ஜாங்லாவில் முதல் நலவாழ்வு மையம் திறக்கப்பட்டது முதல் துணை நிலையங்கள் படிப்படியாக இப்பணிக்கென மேம்படுத்தப்பட்டன. ஆஷா பணியாளர் வீடுதோறும் சென்று வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றைக் கேட்டு ஒரு படிவத்தை நிரப்புகிறார். மதிப்பெண் நான்குக்கு மேற்பட்டவர்கள் முதலில் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர்.

அளவீடு சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தவரை உடனே உட்கார வைத்து, பேசிக்கொண்டே அளந்தால் பொய்யான உயர்வு காட்டும். ஐந்து நிமிடம் அமர்த்தி, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இருதய மட்டத்தில் தாங்கி, பேச்சின்றி அளக்க வேண்டும். பொதுவாக வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என முடிவு செய்யப்படுகிறது. சரியாக அளக்காத முகாம், நோயில்லாதவரை ஆயுள் நோயாளியாக்கும் அபாயமும் உண்டு.

இனி அலுவலர்கள் வழக்கமாகச் செய்யாத ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். சமவெளியில் ஒரு துணை நிலையம் 5,000 மக்களுக்கு. அவர்களில் 30 வயதைக் கடந்தவர்கள் 2,000 பேர் என்றும், அவர்களில் நால்வருக்கு ஒருவருக்கு இரத்த அழுத்தம் உண்டு என்றும் கொள்வோம். நோயாளிகள் 500 பேர். ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு 6,000 வருகைகள். 300 வேலை நாட்களில் நாளொன்றுக்கு 20. ஆளுக்கு ஒரு மாத்திரை என்றாலே ஆண்டுக்கு 1,82,500 மாத்திரைகள். ஆறு துணை நிலையங்களைக் கொண்ட, 30,000 மக்களுக்குரிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஏறக்குறைய 11 லட்சம் மாத்திரைகள். பலருக்கு இரண்டாவது மருந்தும் தேவைப்படும். நீரிழிவு மருந்துகள் இக்கணக்கில் சேரவில்லை. தம் நிலையத்தின் ஆண்டுத் தேவைப்பட்டியலை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் வியப்படையக்கூடும்.

பதிவேட்டின் வெற்றுப் பத்திகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வட மாநிலத்தில் பரிசீலனைக்காகச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் கண்ட நிலையத்தின் சுவரில், பரிசோதனை இலக்கை மிஞ்சிய சாதனை வண்ண வரைபடமாகத் தீட்டப்பட்டிருந்தது. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். முதல் வருகைக்கான பத்தி நேர்த்தியாக நிரப்பப்பட்டிருந்தது. இரண்டாம் வருகை, மூன்றாம் வருகைப் பத்திகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. மருந்தாளுநரிடம் காரணம் வினவியபோது, இருப்புக் குறைவாயிருப்பதால் பத்து நாள் மாத்திரையே ஒரு முறைக்கு வழங்கப்படுவதாகச் சொன்னார். வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்த மூதாட்டி ஒருவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பத்து மாத்திரை வாங்கிச் செல்வது தமக்குக் கட்டுப்படியாகவில்லை என்றும், இனி வரப்போவதில்லை என்றும் எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் கூறினார். பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் அவருடைய கணக்கில் என்னால் பிழை காண முடியவில்லை. என் போன்ற மைய அரசு ஊழியருக்கு இதே மாத்திரை ஒரு மாதத்திற்கும் அதற்கு மேலும் சேர்த்தே வழங்கப்படுகிறது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

இருப்பு ஏன் குறைந்தது என்பதை ஆராய்ந்தோம். தேவைப்பட்டியல் முந்தைய ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்டு தயாரிக்கப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டில் பல மாதங்கள் மருந்தே இல்லை. ஆகவே நுகர்வு குறைவு. ஆகவே தேவையும் குறைவு எனக் கொள்ளப்பட்டு, இவ்வாண்டும் குறைவாகவே வந்தது. விதிப்படி யாரும் தவறு செய்யவில்லை. நுகர்வைத் தேவையாகக் கருதும் விதியில்தான் தவறு இருந்தது. பதிவு செய்யப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மருந்துத் தேவையைக் கணக்கிட்டாலன்றி இச்சுழலிலிருந்து மீள வழியில்லை.

இலக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்ப நலத் திட்டத்தில் முறைவாரியான எண்ணிக்கை இலக்குகள் என்ன விளைவித்தன என்பதை நம் தலைமுறை அலுவலர்கள் அறிவோம். 1996 ஏப்ரலில் அவை நாடு முழுவதும் கைவிடப்பட்டன. பரிசோதிக்கப்பட்டோர் தொகையை மட்டும் மாதந்தோறும் கேட்கும் மேலலுவலகம் அத்தொகையைத்தான் பெறும். மருந்தை நிறுத்திவிட்ட மூதாட்டி அப்படிவத்தில் 'பரிசோதிக்கப்பட்டவர்' என்ற சாதனையாக என்றென்றும் நிலைத்திருப்பார்.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. சுகாதார அமைச்சகம், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை மாநில அரசுகளுடனும் பிற அமைப்புகளுடனும் சேர்ந்து 2017 நவம்பரில் இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியைத் தொடங்கின. கேரளம், பஞ்சாப், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் சில மாவட்டங்களே முதற்களம். அதன் கோட்பாடுகள் மிக எளியவை. மாநிலம் முழுமைக்கும் ஒரே சிகிச்சை முறை: இன்ன மருந்தில் தொடங்கி, குறையாவிட்டால் அளவைக் கூட்டியோ அடுத்த மருந்தைச் சேர்த்தோ செல்வது. மருந்து வகைகள் குறைவாயிருப்பதால் கொள்முதல் எளிதாகிறது, விலை குறைகிறது. ஒரே தடவையில் முப்பது நாளைக்குரிய மாத்திரை, அதுவும் இயன்றவரை வீட்டிற்கு அருகிலுள்ள துணை நிலையத்திலேயே. அளவீடும் தொடர் கண்காணிப்பும் செவிலியரின் பொறுப்பு. மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குகிறார், மாற்றுகிறார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கணக்கெடுக்கும் முறை. ஒரு காலாண்டில் பதிவான நோயாளிகள் அனைவரையும் ஒரு தொகுதியாகக் கொண்டு, அடுத்த காலாண்டில் அத்தொகுதியில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை, எத்தனை பேர் வருவதையே நிறுத்திவிட்டனர் எனப் பிரித்துக் காட்டுவது. 1997 முதல் திருத்திய காசநோய்த் திட்டம் கையாண்ட தொகுதி முறையும் இவ்வகையினதே. பகுதியில் பரிசோதிக்கப்பட்டோர் தொகை இவ்விகிதத்தின் கீழ் எண்ணாக அமைவதில்லை. பதிவானவர் தொகையே அமைகிறது. வராதவரை மறைக்க இடமில்லை. 2022 செப்டம்பரில் இம்முயற்சி ஐக்கிய நாடுகளின் விருதைப் பெற்றபோது, அரசு நிலையங்களில் 34 லட்சம் பேர் சிகிச்சையில் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. பாதி போதாதுதான். ஆயினும், எஞ்சிய பாதியையும் வெளிப்படையாகக் காட்டும் கணக்கு இது.

தனி ஒரு மருத்துவரும் இதைச் செய்து காட்டியிருக்கிறார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமான கிளின்கோர்க்கில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட், தம் பராமரிப்பிலிருந்த வயது வந்தோர் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்து, வராதவரை விடாமல் தேடிப் பதிவேட்டை முழுமையாக்கினார். மருத்துவ வசதி மிகவும் தேவைப்படும் மக்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவரே.

நீரிழிவில் மாத்திரையோடு வேறு சிலவும் சேர வேண்டும். ஆண்டுக்கொருமுறை கண்ணின் விழித்திரையைப் பார்ப்பது மாவட்ட மருத்துவமனையின் உதவியின்றி இயலாது. ஆனால் பாதத்தைப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, உணர்ச்சி குறைந்திருக்கிறதா, புண் இருக்கிறதா எனப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வயலில் வெறுங்காலுடன் உழைப்பவருக்கு அந்த இரண்டு நிமிடம் ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.

தடுப்பு யார் பொறுப்பு?

நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் மக்கள் இதைவிட மிக அதிகமாக உண்கின்றனர். மேலைநாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலையில் தயாரான உணவிலிருந்து வருவது; அங்கு ஆலைகளுக்கு விதி வகுத்தால் பயன் கிட்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் வீட்டு அடுப்பிலும் ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலும் சேர்வது. எனவே கிராம சுகாதார செவிலியின் அறிவுரைக்கு இங்கு மதிப்பு அதிகம். பொட்டல உணவும் விரைவாகப் பரவிவருவதால் விதிகளும் தேவையே.

புகையிலையில் நிலைமை வேறு. 2016-17ஆம் ஆண்டு ஆய்வின்படி வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர், 21.4 சதவீதத்தினர் மெல்லும் வகை முதலான புகையில்லாப் புகையிலையை நாடுகின்றனர். வரி, விற்பனைக் கட்டுப்பாடு, எச்சரிக்கைப் படம் ஆகியவை சுகாதார நிலையத்தின் கையில் இல்லை. எண்ணெய், கொழுப்புகளில் செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்ற 2022 ஜனவரி முதலான விதியும் அத்தகையதே. ஒரே ஓர் அறிவிக்கையால் அது கோடிக்கணக்கானோரைச் சென்றடைகிறது. பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் ஜெப்ரி ரோஸ் 1985இல் விளக்கியது போல, அபாயம் மிக்க சிலரைத் தேடிச் சிகிச்சையளிப்பது ஒரு வழி. மக்கள் அனைவரின் சராசரியையும் சிறிதளவு இறக்குவது இன்னொரு வழி. பின்னதில் தனிமனிதருக்குக் கண்கூடான நன்மை மிகச் சிறிது; சமுதாயத்திற்குப் பெரிது. அதனாலேயே அதற்காக வாதாடுவோர் குறைவு.

இடம்பெயரும் நோயாளி

மருந்தை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் முறையைத் தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் கையாண்டு வருகிறது. வீட்டில் இருப்பவருக்கு அது பெரும் வசதி. ஆனால் ஆண்டில் ஆறு மாதம் வீட்டிலேயே இராதவரை எவ்வாறு அடைவது? ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து செங்கல் சூளைகளுக்கும், மராத்வாடாவிலிருந்து கரும்பு வெட்டுக்கும் ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாகச் செல்வோர் ஏராளம். சொந்த ஊர்ப் பதிவேட்டில் இவர்கள் 'வரவில்லை' எனக் குறிக்கப்படுவர். சென்ற ஊரின் நிலையத்தில் இவர்கள் பெயரே இராது. புறப்படும் காலம் ஊரில் அனைவருக்கும் தெரிந்ததே. அதற்கு முன் இவர்களை அழைத்து அழுத்தத்தை அளந்து, இரண்டு அல்லது மூன்று மாத மாத்திரையைச் சேர்த்து வழங்கலாம். எந்த மருந்து, எந்த அளவு என்பதை எழுதிய அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பலாம். கணினிவழி அடையாள எண் இப்போது பலருக்கும் உண்டு. எனினும், சூளைக்கு அருகிலுள்ள நிலையத்தில் மின்சாரமோ இணைப்போ இல்லாத நாளில் பயன்படுவது அந்த அட்டைதான். இதற்குத் தடையாயிருப்பது ஒரு தடவைக்கு முப்பது நாளுக்கு மேல் மருந்து வழங்கக் கூடாது எனப் பல இடங்களில் பின்பற்றப்படும் வழக்கம். அதைத் தளர்த்த மாவட்ட அளவில் ஓர் ஆணையும், அக்கூடுதல் மாத்திரைகளைக் கணக்கில் கொண்ட ஒரு தேவைப்பட்டியலும் வேண்டும். அப்பட்டியல் கரும்பு வெட்டுக்கு வண்டி ஏறும் மாதத்திற்கு முன்பே மேலலுவலகத்தைச் சென்றடைய வேண்டும்.